வியர்வையின் எடை

மிசூலா நகரத்தின் பெரிய வேட்டைச் சாமான் கடையில் ஒரே வரிசையை நான் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தேன். நின்று பார்க்க முடியவில்லை. ஒரு சட்டையைத் தொடுவேன், விடுவேன், அடுத்ததற்குப் போவேன், மறுபடி முதலாவதற்கே வருவேன். விற்பனையாளர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் அருகில் வந்தார்.

"உள்ள போடறதுக்கு நல்ல கதகதப்பா ஒண்ணு வேணுமா?"

"கதகதப்பு வேணாம். காஞ்சிருக்கணும்."

அவர் ஒரு செட்டை எடுத்து என் கையில் வைத்தார். உடம்போடு ஒட்டிப் போடுகிற மெல்லிய மெரினோ கம்பளி. "இதைப் பாருங்க. போட்டா போட்டதே தெரியாது."

விலைச் சீட்டைத் திருப்பினேன். "வாங்கினா வாங்கினது நல்லாவே தெரியும்," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

என் அவசரத்துக்குக் காரணம் உண்டு. போன நவம்பரில் என் கணவன் எல்டனின் தம்பி ராய்ஸோடு எல்க் மான் வேட்டைக்குப் போனேன். ராய்ஸ் மலையில் நடக்கிற ஆள் இல்லை. ஓடுகிறவன். நான் தள்ளுபடிக் கடையில் வாங்கிய, உள்ளே பஞ்சு வைத்த தடித்த உள்சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் பின்னால் ஏறினேன். மேலே கணவாய்க்குப் போய்ச் சேர்ந்தபோது முதுகில் தண்ணீர் ஓடியது. அங்கே உட்கார்ந்ததும் காற்று அடித்தது. கொஞ்ச நேரத்தில் அந்த வியர்வை எல்லாம் பனிக்கட்டித் துணியாக முதுகில் ஒட்டிக்கொண்டது. சரியாக அந்த நேரத்தில் ஒரு பெண் எல்க் வெளியே வந்து நின்றது. துப்பாக்கியில் குறி பார்க்கும் கண்ணாடியான ஸ்கோப்பில் குறுக்குக்கோடு நாட்டியம் ஆடியது. சுட்டேன். குண்டு மரத்தில் போய்ப் பதிந்தது.

ராய்ஸ் தீ மூட்டி என்னைக் காயவைத்துக் கீழே கூட்டிவந்தான். வண்டியில் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியதை நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில், வான்கோழிக்கு முன்னால் வைத்துப் பேசினான்.

"நோரீன் ஒரு பைன் மரத்தைச் சுட்டா. நல்ல பருவத்து மரம். தோல் உரிக்கத்தான் கஷ்டமாப் போச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு உருளைக்கிழங்கைத் தட்டிலேயே விட்டுவிட்டேன்.

இந்த வருடம் அரசாங்கக் குலுக்கலில் எனக்குப் பெண் எல்க் அனுமதிச் சீட்டு விழுந்தது. பருவத்தின் கடைசி வாரத்துக்கு மட்டும். வழக்கமாக எல்டன்தான் வேட்டை இறைச்சியால் எங்கள் குளிர்பெட்டியை நிரப்புவான். மர ஆலையில் முதுகு பிடித்துக்கொண்டதிலிருந்து அவன் கூடத்துத் தரையில் மல்லாந்து கிடக்கிறான். பெட்டியில் பட்டாணிப் பொட்டலங்கள் மட்டும் இருந்தன. எல்க் மானைத் தனியாளாக மலையிலிருந்து இறக்க முடியாது என்பதால் ராய்ஸிடமே போய்க் கேட்டேன். பனி வாரும் வண்டிக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலேயே பேசினான்.

"சனிக்கிழமை ஒரு நாள் வர்றேன்."

"போதும்."

"நடுங்கினேன்னா தீ மூட்ட மாட்டேன். நேரா கீழ இறக்கிக் கொண்டாந்துடுவேன். அடுத்த வருஷம் எங்கூட வேற ஆள் வரும்."

"நடுங்க மாட்டேன்."

"மரத்துக்கிட்டயும் சொல்லிட்டு வா."

அதனால்தான் சட்டை. எனக்கு ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளில் என் முதுகு காய்ந்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

பெரிய கடையை விட்டு வந்தவள் எங்கள் ஊர் ஹாமில்டனில் இருக்கிற மலிவுக் கடைக்குப் போனேன். வேட்டைச் சாமான் பக்கமே போகவில்லை. ஓட்டப் பயிற்சிக்காரர்கள் பகுதியில், யாருக்கும் பிடிக்காத கத்தரிப்பூ நிறத்தில், தொட்டால் வழுக்குகிற மெல்லிய பாலியஸ்டர் சட்டை ஒன்றும் அதே நிறத்தில் கால்சட்டையும் கழிவு விலையில் தொங்கின. எடுத்துக்கொண்டேன். மெத்தடிஸ்ட் சர்ச்சின் பழைய துணிக் கடையில் இன்னொன்று கிடைத்தது. யாரோ ஒரு பணக்காரர் கோல்ஃப் ஆடப் போட்டுக் கழித்த ஆண் ஸ்வெட்டர். மெல்லிசு. உள்பக்கத்து லேபிளில் சுத்த மெரினோ என்று இருந்தது. பெரிய கடையில் பார்த்த அதே கம்பளி. மார்பில் மட்டும் ஒரு கோல்ஃப் மட்டை.

வீட்டில் இருந்த போன வருடத்துத் தடித்த சட்டையையும் சேர்த்தால் மூன்று. எதைப் போடுவது என்று யோசித்து யோசித்துச் சமையலறையில் நடந்துகொண்டே இருந்தேன்.

"எடை போட்டுப் பாரேன்," என்றது தரையிலிருந்து எல்டனின் குரல்.

"எதை?"

"சட்டையை. ஏறுறதுக்கு முன்னால ஒரு தடவை, ஏறி எறங்கினப்புறம் ஒரு தடவை. நீ எவ்வளவு தண்ணியச் சுமக்குறேன்னு தராசு சொல்லிடும். என்னால வேற ஒண்ணும் பண்ண முடியாது. கணக்காவது பாக்கறேன்."

அவன் தொத்திறைச்சி செய்வதற்காக வைத்திருக்கும் தராசை இறக்கி அவன் தலைமாட்டில் வைத்தேன். முதுகுப் பையில் நாய்த் தீனி மூட்டையை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குன்றில் ராய்ஸ் வேகத்தில் ஏறினேன். உச்சியில் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் காற்றுக்கு முகம் காட்டி உட்கார்ந்தேன். பிறகு இறங்கி, சட்டையைக் கழற்றி, தராசில் போட்டு, அடுத்த சட்டையை மாட்டிக்கொண்டு மறுபடியும் ஏறினேன். அந்த வாரம் முழுக்க இதே வேலை.

பக்கத்து வீட்டு ஆர்லிஸ் அம்மாள் வேலிக்கு வந்துவிட்டாள்.

"நோரீன், மூட்டையில என்னம்மா?"

"நாய்த் தீனி."

"நாய் எங்க?"

"உள்ள தூங்குது. அதோட சாப்பாடு மட்டும்தான் வாக்கிங் போகுது."

ஆர்லிஸ் அம்மாள் எல்டனுக்காகப் பரிதாபப்பட்டுத் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

தராசு சொன்னது எனக்கே ஆச்சரியம். தடித்த சட்டை ஊறிப் போயிருந்தது. எல்டன் முள்ளைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "போன வருஷம் ஒரு பெரிய மக் காப்பியை முதுகுல ஊத்திக்கிட்டு உக்காந்திருந்திருக்க. நடுங்காம என்ன பண்ணுவ?" ஓட்டக்காரர்களின் பாலியஸ்டர் சட்டையில் முள் லேசாக அசைந்ததே தவிர பழைய எடையைத் தாண்டவில்லை. வாளியில் உட்கார்ந்திருக்கும்போதே காய்ந்துவிட்டது. ஒரே குறை, ஒரு ஏற்றத்துக்கே நாறியது. கோல்ஃப் ஸ்வெட்டர் கொஞ்சம் ஈரம் குடித்தது, மெதுவாகத்தான் காய்ந்தது. ஆனால் ஈரமாக இருந்தபோதும் குளிரவில்லை, நாறவும் இல்லை.

"அப்ப ஒண்ணு போதாது," என்றேன். "பாலியஸ்டரைப் போட்டுக்கிட்டு ஏறணும். கம்பளியைப் பையில வச்சு, மேல போய் மாத்திக்கணும்."

"தடிமனா ஒண்ணுக்குப் பதிலா மெல்லிசா ரெண்டு."

"ரெண்டும் சேர்ந்து அந்தக் கடைக்காரர் காட்டின சட்டையில ஒரு கையோட விலைகூட வராது."

அன்று நான் நன்றாகத் தூங்கினேன். அந்த வாரத்தில் அப்படித் தூங்கியது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடப் பேருந்தில் பெண்கள் கூடைப்பந்து அணியை வெளியூர் ஆட்டத்துக்கு ஓட்டிப்போய்த் திரும்பினேன். அது என் பிழைப்பு. வீட்டுக்குள் நுழைந்ததும் எல்டன் நின்றுகொண்டிருந்தான். ஒரு கையால் சமையல் மேடையைப் பிடித்திருந்தாலும் நின்றுகொண்டிருந்தான். முகத்தில் பெருமை.

"உன் வேட்டைத் துணியெல்லாம் துவைச்சு, காயவச்சு, மடிச்சும் வச்சிட்டேன்."

அப்போதுதான் அந்த வாசனை மூக்கில் ஏறியது. லாவெண்டர்.

மேசையில் கத்தரிப்பூச் சட்டை அழகாக மடித்து இருந்தது. அதன் மேல் சின்னதாக இன்னொன்று. விரித்தேன். கோல்ஃப் மட்டை இருந்தது. ஸ்வெட்டர் இல்லை. அல்லது இருந்தது, ஆனால் அதில் என் தலை நுழைந்தால் அதிசயம்.

"எல்டன். கம்பளியைச் சூடான டிரையர்ல போட்டியா?"

"எல்லாத்தையும் சேத்துதான் போட்டேன்."

"இது இப்போ பூனைக்கே இறுக்கும்."

அவன் ஸ்வெட்டரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பெருமை மெல்ல மெல்ல முகத்தை விட்டு இறங்கியது.

"வாசனைத் தாளும் போட்டியா?"

"ரெண்டு போட்டேன். நாறுதுன்னு நீதானே சொன்ன."

பாலியஸ்டர் சட்டையின் மேல் குழாயிலிருந்து ஒரு சொட்டு விட்டேன். மெழுகுத் தாளில் விட்டது போல் உருண்டு ஓடி விழுந்தது. டிரையரில் துணியோடு போடுகிற அந்தத் தாள், மென்மை தருகிறேன் என்று துணியில் ஒரு பூச்சைப் பூசிவிடும். வியர்வை இனி உள்ளே போகாது. முதுகிலேயே நிற்கும். போதாததற்கு வாசனை. எல்க் மானுக்குக் கண்ணைவிட மூக்கு கூர்மை. லாவெண்டர் பூத்த மலை எதையும் அது இந்தப் பக்கத்தில் பார்த்ததில்லை.

"ஒரு வாரம் ஏறி எறங்கினேன் எல்டன். ஒரு வாரம்."

"தெரியும்."

"கேட்டிருக்கலாமே. ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே."

"எந்திரிச்சு நிக்க முடிஞ்சுது இன்னிக்கு. அந்தச் சந்தோஷத்துல துவைச்சுட்டேன்." அவன் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தான். "தரையில கெடந்து கெடந்து நானே ஒரு கம்பளம் ஆயிட்டேன் நோரீன். இந்த வீட்டுக்கு ஒரு வேலையாவது செய்யணும்னு இருந்துச்சு."

அதற்கு மேல் என்னால் கத்த முடியவில்லை. கத்த முடியாத கோபம் காலில் இறங்கியது. வீட்டுக்குள் நடந்தேன். அலமாரிகளைத் திறந்தேன், மூடினேன். எல்லாம் பருத்தி. மலைக் குளிரில் பருத்தி நனைந்தால் காயாது, ஆளைக் கொன்றுவிடும். ஊரில் கடைகளை மூடிவிட்டார்கள். ராய்ஸ் விடியும் முன்பே வந்துவிடுவான். பாலியஸ்டரை மறுபடி வெறும் தண்ணீரில் போட்டு எடுத்தேன். உலர்ந்த லாவெண்டர் ஈர லாவெண்டர் ஆனது.

காருக்குப் போய்ப் பின்பக்கத்தைக் கிளறினேன். அங்கே ஒரு பை கிடந்தது. அணிப் பெண்கள் பேருந்தில் விட்டுவிட்டுப் போன பயிற்சிப் பனியன்கள். திங்கட்கிழமை கோச்சிடம் கொடுக்க வேண்டியவை. மஞ்சள் நிறத்தில், கையில்லாமல், முழுக்க முழுக்க வலை. ஒன்றை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தேன். துணியைவிட ஓட்டை அதிகம்.

உள்ளே ஓடி அதைத் தொட்டியில் முக்கி, ஒரு உதறு உதறி, தராசில் போட்டேன். முள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

எல்டன் எட்டிப் பார்த்தான். "வலைக்கு ஈரம் எங்க பிடிக்கும்?"

"அதேதான். சதைக்கும் மேல்சட்டைக்கும் நடுவுல காத்து நிக்கும். வியர்வை நிக்காது."

"அதுக்கு மேல என்ன போடுவ?"

"உன் மீன்பிடி நைலான் சட்டை. உக்காந்தப்புறம் இறகு அடைச்ச கோட்டு."

"கம்பளிக்குப் பதில்?"

"பதில் இல்ல."

அவன் கத்தரிக்கோலைக் கேட்டான். சுருங்கிப் போன ஸ்வெட்டரின் இரண்டு கைகளையும் வெட்டி, நுனியை மடக்கித் தைத்து, என் மணிக்கட்டில் ஏற்றினான். கச்சிதமாக இருந்தது. "கையையாவது காப்பாத்து," என்றான். பனியனிலிருந்து ஒன்பதாம் வகுப்பு உடற்பயிற்சிக் கூடத்தின் வாடை வந்தது. சமையல் சோடாவில் அலசி வெளியே உறைபனியில் தொங்கவிட்டேன்.

ராய்ஸின் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தியதும் அவன் மூக்கை உறிஞ்சினான்.

"கல்யாண வீட்டுக்குப் போறமா?"

"கால்சட்டை. வேற இல்ல. எல்டன் துவைச்சுட்டான்."

"காத்து நம்ம மூஞ்சிக்கு நேரா அடிக்கணும்னு வேண்டிக்க, பஸ்காரி. பின்னாலேர்ந்து அடிச்சா பக்கத்து ஸ்டேட் ஐடஹோ வரைக்கும் எல்லா மானுக்கும் தும்மல் வரும்."

பாதை தொடங்கும் இடத்தில் ராய்ஸுக்கு ஒரு சட்டம் உண்டு. அவனோடு போகிற எல்லாருக்கும் அது பொருந்தும். கோட்டைக் கழற்றிப் பையில் கட்டிவிட்டு, குளிரில் பல் தட்டும் வரை சும்மா நிற்க வேண்டும். பல் தட்டினால்தான் நடை. வண்டி பக்கத்தில் நிற்கும்போதே ஒருத்தருக்குச் சௌகரியமாக இருந்தால் அவர் அதிகம் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். போன வருடம் நான் அந்தச் சட்டத்தை ஏமாற்றியிருந்தேன். கோட்டைக் கழற்றினேன், உள்ளே பஞ்சுச் சட்டையை வைத்துக்கொண்டேன்.

இந்த முறை கோட்டைக் கழற்றி, நைலான் சட்டையின் மேல், வேட்டைக்காரர்கள் கட்டாயம் போட வேண்டிய ஆரஞ்சு நிற மேல்அங்கியை மாட்டும்போது கழுத்து வழியே மஞ்சள் வலை தெரிந்தது. ராய்ஸ் தலைவிளக்கை என் பக்கம் திருப்பினான்.

"அது என்ன, மீன்வலையா?"

"ஒன்பதாங் கிளாஸ் பொண்ணுங்க டீமு."

"நேத்து ஜெயிச்சாங்களா?"

"தோத்தாங்க."

"நல்ல சகுனம்," என்றான். என் பற்கள் அடித்துக்கொண்டன. அவன் திரும்பி நடக்கத் தொடங்கினான்.

நடை என்று சொன்னது மரியாதைக்கு. விளக்கு வெளிச்சத்தில் அவன் குதிகால் மட்டும் தெரிந்தது. நான் அதைத் துரத்தினேன். பனி முழங்காலுக்குக் கீழே. சட்டையின் கழுத்துப் பட்டியிலிருந்து என் உடம்பின் ஆவி புகையாகக் கிளம்பிக்கொண்டே இருந்தது. மனசு அதைவிட வேகமாக ஓடியது. நனைகிறேனா? முதுகில் ஓடுவது வியர்வையா, வெறும் பயமா? தொட்டுப் பார்க்க நின்றால் அவன் போய்விடுவான். நிற்கவில்லை.

கணவாயை அடைந்தபோது கிழக்கு வெளுத்துவிட்டது. பையை இறக்கினேன். நைலானுக்குள் கையை விட்டு முதுகைத் தொட்டேன். பிசுபிசுப்பு இருந்தது, வியர்வை ஓடவில்லை. இறகுக் கோட்டைப் போட்டு, அதன் மேல் ஆரஞ்சு அங்கியை மாட்டி, பாலாடைக்கட்டியும் உப்புக்கண்டமும் மென்றேன். உடம்பின் சூடே அந்தக் கொஞ்ச ஈரத்தையும் வெளியே தள்ளியது. மறுபடி தொட்டேன். காய்ந்த முதுகு. என் சொந்த முதுகு.

"எப்படி இருக்க?" ராய்ஸ் கேட்டான்.

"காஞ்சிருக்கேன்."

அவன் நம்பாமல் என் விரல்களைப் பார்த்தான். அவை அசையாமல் மடியில் கிடந்தன.

பிறகு எல்க் வந்தது.

ஒன்று இல்லை, ஒரு வரிசை. கீழே மரக்கூட்டத்தின் ஓரத்தில் ஒவ்வொன்றாக வெளியே வந்து வெட்டவெளியைக் கடக்கத் தொடங்கின. மூக்கிலிருந்து ஆவி. காற்று எங்கள் முகத்துக்கு நேர். தூரம் சரி. நான் பையின் மேல் துப்பாக்கியை வைத்துப் படுத்து ஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். முன்னால் வந்த பெண் மான் நின்று பக்கவாட்டில் திரும்பியது.

குறுக்குக்கோடு ஆடியது.

அதே ஆட்டம். போன வருடத்து ஆட்டமேதான். விலாவில் ஆரம்பித்து, வயிற்றுக்குப் போய், வானத்துக்குப் போய், மறுபடி விலாவுக்கு. கையுறையைக் கழற்றி விரல்களைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி மாதிரி சூடாக இருந்தன. சூடான விரல்கள் நடுங்கின.

குளிர் இல்லை. போன வருடமும் குளிர் மட்டும் இல்லை. ஒரு வருடமாக நான் ஒரு சட்டையின் மேல் பழியைப் போட்டிருக்கிறேன்.

"குளிருதா?" ராய்ஸ் முணுமுணுத்தான்.

"இல்ல."

"அப்புறம் என்ன? சுடு."

"மாட்டேன்."

"நோரீன்."

"இப்படிச் சுட்டா வயித்துல படும். கஷ்டப்பட்டுச் சாகும். மாட்டேன்." விசையிலிருந்து விரலை எடுத்து வெளியே நீட்டிக்கொண்டேன், என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லாமல்.

மான்கள் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாக வெட்டவெளியைக் கடந்து, சின்ன மேட்டைத் தாண்டி மறைந்தன. கடைசி வால் மறைந்ததும் மலை வெறுமையாகிவிட்டது. ராய்ஸ் பையை எடுத்து மாட்டப் போகிறான் என்று காத்திருந்தேன். கீழே இறக்குவான். விருந்தில் சொல்ல இந்த வருடத்துக்கும் ஒன்று கிடைத்தது.

அவன் பையைத் தொடவில்லை. தன் வலது கையுறையைக் கழற்றிக் கையை என் முன்னால் நீட்டினான். அதுவும் நடுங்கியது.

"மான் காய்ச்சல்," என்றான். "மானைக் குறி வச்சதும் வர்ற நடுக்கம்."

"அது முதல் தடவை வர்ற பசங்களுக்கு வர்றது."

"எனக்கு ஒவ்வொரு தடவையும் வரும். ஏன் ஓட்டமா ஏறுறேன்னு நெனச்ச? மேல வந்து கை நடுங்கினா மூச்சு வாங்குதுன்னு சொல்லிக்கலாம்."

நான் அவனையே பார்த்தேன். "போன வருஷம் சொல்லியிருக்கலாமே."

"நீ குளிருன்னு சொன்ன. நானும் குளிருன்னு சொன்னேன். ரெண்டு பேருக்கும் வசதியா இருந்துச்சு."

"பைன் மரக் கதையை ஊர் பூரா சொன்னியே."

"சிரிக்கிறப்ப யாரும் என் கையைப் பாக்க மாட்டாங்க." கையுறையை மாட்டிக்கொண்டான். "எல்டனுக்குக்கூடத் தெரியாது."

"இது எப்பப் போகும்?"

"உக்காந்து அதையே பாத்துக்கிட்டு இருந்தா தானாப் போகும். ஆனா அது போறதுக்குள்ள ஆளு வெறச்சுப் போயிடுவான். அதனால யாரும் உக்கார மாட்டாங்க. பட்டுனு சுட்டுட்டு எந்திரிச்சுடுவாங்க."

"நான் உக்காருவேன்," என்றேன். "எனக்கு நேரம் இருக்கு. நான் காஞ்சிருக்கேன்."

மேட்டின் விளிம்பு வரை குனிந்தும், கடைசியில் வயிற்றால் ஊர்ந்தும் போனோம். மான்கள் தூரம் போயிருக்கவில்லை. பள்ளத்துக்கு அந்தப் பக்கச் சரிவில், ஃபிர் மரங்களுக்கு நடுவே பனியில் படுத்திருந்தன. பகலுக்கு அங்கேயே இருக்கும் போலத் தெரிந்தது. துப்பாக்கியை வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, பார்க்கத் தொடங்கினேன்.

எனக்கு உட்கார்ந்து பழக்கமில்லை. பேருந்தில் உட்கார்ந்தால் பேருந்தாவது ஓடும். இங்கே எதுவும் ஓடவில்லை. ஒரு காது அசைந்தால் என் கை நடுங்கியது. காது நின்றால் கொஞ்ச நேரம் கழித்துக் கையும் நின்றது. இன்னொன்று தலையைத் தூக்கியது. மறுபடி நடுக்கம். எழுந்து ஓட வேண்டும் போல் இருந்தது, எங்கேயாவது, மேலேயோ கீழேயோ. ஓடவில்லை. கோட்டுக்குள் உடம்பு காய்ந்து, சூடாக, வேறு யாருடைய உடம்போ போல அமைதியாக இருந்தது. உள்ளே இருப்பவள்தான் குதித்துக்கொண்டிருந்தாள்.

சூரியன் தலைக்கு மேல் வந்து அந்தப் பக்கம் சாயத் தொடங்கியது. ராய்ஸின் பற்கள் தட்டும் சத்தம் கேட்டது.

"நோரீன். போலாமா?"

"உக்காரு."

"காலு மரத்துப் போச்சு."

"ஷூவுக்குள்ள வெரலை ஆட்டு."

"ஆட்டித்தான் மரத்துப் போச்சு." என் கழுத்துப் பக்கம் பார்த்தான். "அந்த மீன்வலை இன்னொண்ணு இருக்கா?"

"வீட்டுல இருக்கு. பொண்ணுங்க சைஸு."

"பரவால்ல, போட்டுக்கறேன்," என்றான் ராய்ஸ். நிஜமாகத்தான் சொன்னான்.

பார்த்துக்கொண்டே இருந்ததில் எனக்கு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தது. ஒன்றுக்குக் காது கிழிந்திருந்தது. ஒன்று அசைபோட்டபடியே தூங்கியது. குட்டியோடு ஒன்று. குட்டி இல்லாமல் தனியாக, கொஞ்சம் தள்ளி, பருத்த ஒன்று. அது அவ்வப்போது பின்னங்காலால் கழுத்தைச் சொறிந்தது, எங்கள் நாய் மாதிரியே. எனக்குக் கொட்டாவி வந்தது. சலித்துப் போயிருந்தேன். சலிப்பு வந்ததற்காக வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது.

பருத்த மான் எழுந்தது. முன்னங்காலை நீட்டி நெளிவெடுத்தது. இரண்டு அடி வைத்துப் பக்கவாட்டில் நின்று ஒரு கிளையைக் கடித்தது.

ஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். குறுக்குக்கோடு முன்னங்காலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. அங்கேயே இருந்தது. மூச்சை விட்டேன். சுட்டேன்.

சத்தம் பள்ளத்தைச் சுற்றித் திரும்பி வந்தது. மற்றவை எல்லாம் ஒரே தாவலில் மரங்களுக்குள் போய்விட்டன. அது மட்டும் நாலடி ஓடி, தடுமாறி, பக்கவாட்டில் சாய்ந்து, எழவில்லை.

ராய்ஸ் எழுந்திருக்க முயன்று, கால் வராமல், மறுபடி உட்கார்ந்து, மறுபடி எழுந்தான். இருவரும் பள்ளத்தில் இறங்கி அந்தப் பக்கம் ஏறினோம். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தோம். கண் திறந்தபடி அசையாமல் இருந்தது. கிட்டே போய்க் குந்தினேன். அதன் கழுத்து முடி என் விரல் முழுக்க மறையும் அளவுக்கு அடர்த்தி. வீட்டில் பட்டாணிக்கு மேல் இதை எங்கே அடுக்குவது என்று ஒரு அசட்டு யோசனை வந்தது. உடனே கண் கலங்கியது.

பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. தோளிலிருந்து நுனி வரை.

கத்தி வைப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. சுட்ட நாளைக் காட்ட, அனுமதிச் சீட்டில் அச்சடித்திருக்கும் அந்த மாதத்தையும் தேதியையும் வெட்டி எடுக்க வேண்டும். சீட்டுக்காரர்தான் செய்ய வேண்டும். பொடிப்பொடி எண்கள். சீட்டை எடுத்தேன், கத்தியைத் திறந்தேன். கத்தி முனை தேதிகளின் மேல் அங்கும் இங்கும் அலைந்தது.

"குடு, நான் வெட்டறேன்," என்றான் ராய்ஸ்.

"உன் கையும் அதே கைதான்."

"ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் வெட்டணும். மானோட நாலு காலையும் பிரிச்சு, இருட்டுறதுக்குள்ள பாதிச் சுமையாவது இறக்கணும்."

"தப்பான தேதியை வெட்டினா வேட்டை வார்டன் என்னைத்தான் பிடிப்பான். என் சீட்டு. நான் வெட்டறேன். கொஞ்சம் இரு."

பனியில் விழுந்து கிடந்த ஒரு மரத்தில் உட்கார்ந்தேன். சீட்டை முட்டியில் விரித்து, கத்தியைப் பக்கத்தில் வைத்து, கைகளைத் தொடையில் போட்டுக்கொண்டு, அவை அடங்கட்டும் என்று பார்த்திருந்தேன்.

ராய்ஸ் வானத்தைப் பார்த்தான். வந்த வழியைப் பார்த்தான். அப்புறம் கையுறைகளைக் கழற்றி, மானின் தொடைக்கும் வயிற்றுக்கும் நடுவே இன்னும் சூடாக இருந்த இடத்தில் இரண்டு கைகளையும் நுழைத்துக்கொண்டு, அதன் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"அவசரமில்ல," என்றான்.

மலையில் அவன் யாரிடமும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. கத்தியை எடுத்தேன். இன்னும் கொஞ்சம் ஆடியது. கீழே வைத்தேன். அவன் காத்திருந்தான்.